பாதி டப்பா பிரேக் ஆயில்

தீவு நகரின் டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் ராக்கப்பனுக்குக் கோபம் வந்தால், கையிலிருக்கும் ஸ்பேனர் முதலில் பேசும். வாய் பிறகுதான் பேசும். அன்று இரண்டும் சேர்ந்தே பேசின.

விஜயனின் நாற்பத்தைந்து ஆண்டுப் பழைய அம்பாசடரின் பிரேக்குக்குப் புதிய மாஸ்டர் சிலிண்டர் பொருத்தியாகிவிட்டது. மறுநாள் காலை அந்த வண்டியில்தான் அவர் தம் மகள் ரூபாவைத் திருமண மண்டபத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மண்டபமோ செங்குத்தான இறக்கத்தின் அடியில் இருந்தது.

பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்க இருவர் வேண்டும். விஜயன் உள்ளே அமர்ந்து பெடலை மிதித்தார். ராக்கப்பன் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்தார்.

"மிதி... அப்படியே புடி... அரே, காலை எடுக்காதன்னு எத்தனை தடவை சொல்றது? நான் மூடுறதுக்குள்ள எடுத்தா, போன காத்து திரும்பி வந்துரும்!"

"சமையக்காரரு ஃபோன்ல கூப்பிட்டாருண்ணே."

"நாளைக்கு எறக்கத்துல வண்டி நிக்கலைன்னா அவரா வந்து புடிப்பாரு?"

நண்பகலில் பெடல் கல்லைப் போல் நின்றது. ராக்கப்பனே அந்த இறக்கத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தார். இரண்டு முறை நன்றாகத்தான் இறங்கியது. மூன்றாம் முறை, பாதி இறக்கத்தில், பெடல் தரைவரை அமுங்கிப் போயிற்று. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மதிற்சுவரில் உரசித்தான் நிறுத்த முடிந்தது.

திரும்பி வந்தவர், காலை எடுத்ததால்தான் காற்று புகுந்தது என்று அரை மணி நேரம் விஜயனை வறுத்தெடுத்தார். அப்படியும் ராக்கப்பனின் எரிச்சல் அடங்கவில்லை. ஏறி அமர்ந்து பெடலை ஓங்கி மிதித்தார்.

மறுபடியும் கல்.

காற்றாக இருந்திருந்தால் இப்போதும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும். பிரேக் சூடேறினால் பெடல் தளர்ந்து, ஆறினால் இறுகுகிறதென்றால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது.

மேசைமேல், காலையில் ஊற்றிய பிரேக் ஆயில் டப்பா இருந்தது. அதன் வாயில் பாலிதீன் உறை. அதன்மேல் இரண்டு ரப்பர் வளையங்கள். அவர் கையாலேயே கட்டியவை. சென்ற மழைக்காலத்தில் சரக்குக் கப்பல் தாமதமானபோது, மீந்த பாதியை 'ஆத்திர அவசரத்துக்கு ஆகும்' என்று பத்திரப்படுத்தியிருந்தார். இந்தத் தீவில் எதை யார் எறிகிறார்கள்? கடற்காற்றின் ஈரத்தை மாதக்கணக்காக உறிஞ்சிக் கிடந்த ஆயில் அது. அடுத்த மழைக்கென ஒளித்துவைத்த புதிய டப்பா, முத்திரை உடையாமல் அலமாரியில் இருந்தது.

பழைய டப்பாவை மூலையில் விட்டெறிந்ததில் தகரம் நசுங்கியது.

"விஜயா! உன் கால் மேல தப்பில்ல!" அதையும் திட்டுவது போலத்தான் சொன்னார்.

"பின்ன யாரு மேலண்ணே?"

"என் மேலதான்யா! தண்ணிய ஊத்தி உன் பொண்ண அனுப்பப் பாத்தேன். ஏறி உக்காரு. மிதி."

பழைய ஆயில் சொட்டு விடாமல் வெளியேறும்வரை, நான்கு சக்கரங்களிலும் புதியதைப் பாய்ச்சினார்கள். மாலைக்குள் ஆறு முறை இறக்கிப் பார்த்தும் ராக்கப்பனின் முகம் தெளியவில்லை.

மறுநாள் மணப்பெண்ணோடு அம்பாசடர் இறங்கியபோது ஓட்டியவர் அவரே. வேறெவரையும் அந்தப் பெடலில் கால் வைக்க அவர் விடவில்லை.