சம்பந்தியம்மாவும் வாசனை சோப்பும்

ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்குச் சம்பந்தியம்மா என்று பட்டப்பெயர் வைத்தவர் அங்கிருந்த டாக்டர்தான். எலிகளில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஜோடி சேர்ப்பது அவள் வேலை. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றே என்பதால் சண்டை சச்சரவுக்கு இடமில்லை. ஒரே தீனியைத் தின்றும் சில எலிகளுக்குச் சர்க்கரை நோய் வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. அதற்குக் காரணமான மரபணுக்களோ ஒன்றிரண்டு அல்ல. எலிகள் எல்லாம் உரித்து வைத்தாற்போல் இருந்தால்தான் எந்த மரபணு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு இருபது தலைமுறை இப்படியே சேர்க்க வேண்டும்.

வெள்ளை வம்சத்தில் அப்போதுதான் பத்தொன்பதாவது தலைமுறை பிறந்திருந்தது. வம்சம் என்று சொல்வதே அதிகம். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பாதி மலடாகி, பாதி நோஞ்சானாகிச் செத்துப்போக, மிஞ்சியது ஒரே ஒரு தாயும் அது போட்ட குட்டிகளும்தான்.

அன்றைக்குப் பார்த்துத்தானா சம்பந்தியம்மாவுக்குப் புத்தி கெட வேண்டும்! வெளியூரிலிருந்து வந்திருந்த தங்கை, "அக்கா, உன் மேல எலி நாத்தம் அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எலி அறைக்கு வாசனையே ஆகாது என்று தெரிந்திருந்தும், தங்கை கொடுத்த சோப்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து கூண்டுக்குள் கையை விட்டாள். புது வாசனையில் மிரண்டுபோன தாய், தான் பெற்றதையே கடித்துத் தின்ன ஆரம்பித்தது. அவளால் பிடுங்க முடிந்தது ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான்.

"பாவி, நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கூண்டில் ஒரு கறுப்பு எலி முந்தின நாள்தான் குட்டி போட்டிருந்தது. அதன் மூத்திரம் ஊறிய மரத்தூளை அள்ளி முழங்கை வரை பூசிக்கொண்டாள். சோப்பு வாசனை போன இடம் தெரியவில்லை. வெள்ளைக் குட்டிகளையும் அதிலேயே புரட்டி, கறுப்புக் குட்டிகளின் ஓரமாக வைத்தாள்.

விஷயம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"பேசாதீங்க சார்."

கறுப்புத் தாய் மோந்து பார்த்தது. வெள்ளைக் குட்டி ஒன்றை வாயில் கவ்வியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா மூடவில்லை, மூச்சுதான் நின்றுபோயிற்று. தாய் அதைக் கொண்டுபோய்த் தன் குட்டிகளுக்கு நடுவில் போட்டது. திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கிப்போய், எல்லாவற்றின் மேலும் படுத்துக்கொண்டது.

"அப்பாடா!" என்றார் டாக்டர். "இருபதாவது தலைமுறைக்கு ஜோடி கெடச்சாச்சு. எப்ப சேத்து வைக்கலாம்?"

சம்பந்தியம்மா கண்ணைத் துடைக்கப் போய், கையின் நாற்றத்தில் முகம் சுளித்தாள்.

"அதுங்க இன்னும் கண்ணே தொறக்கல சார். மொதல்ல வயிறு நெறையப் பால் குடிக்கட்டும். கல்யாணப் பேச்ச அப்புறம் எடுக்கலாம்."