நான்காவது வாக்கியம்

வீப்கேவுக்கு லத்தீன் மீது ஆசை. லத்தீனுக்கு அவள் மீது அவ்வளவாக இல்லை. ஆனாலும் வடஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழகத்தில் லத்தீன் ஆசிரியர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஓஸ்டர்டாக் அம்மையாரின் வகுப்பில் சன்னலோரம் தொடங்கி ஆளுக்கொரு வாக்கியம் மொழிபெயர்க்க வேண்டும். முழுப் பாடத்தையும் படித்து வரவேண்டும் என்பது சட்டம். தலைகளை எண்ணி, தனக்கு வரும் வாக்கியத்தை மட்டும் படித்து வருவது நடைமுறை. இந்த விஷயத்தில் அங்கே யோக்கியர் ஒருவரும் இல்லை.

அன்று வீப்கே தலையில் விழுந்தது நான்காவது. ஆறு வரி நீளம். இரண்டு நாள் முட்டி மோதியும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த இருக்கை ஃபோக்கோவுடையது. முன்பு பேருந்து ஓட்டியவன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். இன்னொரு முறை சொதப்பினால் இந்த வகுப்பில் தேறியதற்கான சான்றிதழ் கிடையாது என்று அம்மையார் சொல்லியிருந்தார். அது இல்லாவிட்டால் அவனுக்குப் பட்டமும் இல்லை.

"சின்னவளுக்குக் காய்ச்சல்மா, அஞ்சாவது மட்டுந்தான் பார்த்தேன்" என்றான் மாடிப்படியில். "போதும், தப்பிச்சிருவேன்."

மூன்றாவது வாக்கியம் முடியப்போகும்போது வீப்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நான்காவது இப்போது யாரிடம் போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

திரும்பியபோது அந்த வாக்கியத்தை அம்மையாரே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஃபோக்கோவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. அவனுக்கடுத்து இருந்தவர்களும் தடுமாறினார்கள். அவர்களுக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது.

உணவகத்தில் அவன் சோம்புத் தேநீர் வாங்கிவந்து அவள் முன் வைத்தான்.

"குடி. வயித்துக்கு நல்லது."

"ஃபோக்கோ, நான்..."

"விடும்மா. நல்லவேளை, நீ உள்ள இல்ல. நான் பட்ட அசிங்கத்த நீயும் பார்த்திருந்தா தாங்கியிருக்க மாட்டேன்."

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மையாரின் அறை மேல்மாடியில்தான் இருந்தது. போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கும். ஆனால் தன் சான்றிதழ் என்னவாகும் என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இப்ப பரவால்லயா?" என்று கேட்டான்.

"பரவால்ல" என்றாள்.

ஃபோக்கோ மறுபடி பேருந்துக்கே போனான். வீப்கே ஆசிரியையாகிப் பதினெட்டு வருடமாகிறது. அவள் பள்ளிக்குப் போகும் வழித்தடத்துக்கு அவனை மாற்றியது போன இலையுதிர்காலத்தில். முதல் நாள் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, ஏறியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "இவங்க யாரு தெரியுமா? லத்தீன் டீச்சர்! என் பக்கத்துல உக்காந்து படிச்சவங்க!" என்றான்.

இப்போதெல்லாம் அவள் மழையிலும் நடந்தே போகிறாள்.