லோவெல் பிடுங்கிய ஃபியூஸ்

லோவெல் ஆமுண்ட்சனுக்குத் தெரியாத வேலை ஒன்று உலகத்தில் இருந்தால், அதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. வடக்கு டகோட்டாவில் தானியக் கிடங்கு இயந்திரங்களோடு முப்பத்தோரு வருஷம் மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்றபின், பனிக்காலம் வந்தால் மனைவி ஆர்லிஸோடு அரிசோனா பாலைவன முகாமில், அடுப்பும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டியில்தான் குடித்தனம். அந்த வண்டிக்குள் ஒரு மெக்கானிக் கால் வைத்ததில்லை. இவர் விட்டால்தானே!

அந்த மார்ச் மாதக் காலையில் பழைய டிவியையும் ரேடியோவையும் கழற்ற உட்கார்ந்தார். மகள் அனுப்பிய புதுசு அட்டைப்பெட்டியில் காத்திருந்தது. ஆர்லிஸ் ஜலதோஷத்தில் மூக்கடைத்துப் படுத்திருந்தாள்.

"இன்னிக்கேவா கழட்டணும்? மத்தியானம் பேஸ்பால் ஆட்டம் இருக்கு. ரேடியோ இல்லாம நான் என்ன பண்றது?"

"ஒரு ஆட்டம் கேக்கலைன்னா உலகம் முழுகிடாது. தூங்கு."

"உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ரேடியோவின் ஃபியூஸை முதலில் பிடுங்கினார். ஜாக்கிரதைக்காரராம்! தரையோரம் இருந்த, கசிவைக் காட்டிக்கொடுக்கும் கேஸ் அலாரத்தின் பச்சை விளக்கும் கூடவே அணைந்தது. வெங்காயம் வதக்கினாலே கத்துகிற சனியன், கொஞ்சம் சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். தன் செல்போன் சார்ஜ் ஏறவில்லை என்று ஆர்லிஸ் முனகியதும், அதைக் கொண்டுபோய்த் தங்கள் சின்னக் காரில் சொருகினார்.

பழைய டிவி பானை வயிற்றுக்காரன்; கழற்றி முடிக்கவே மத்தியானம் நெருங்கிவிட்டது. கட்டிப்பிடித்துத் தூக்கி, அடுப்பை உரசிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தபோது ஏதோ 'டக்' என்றது. திரும்பிப் பார்க்கவில்லை. புதுசை மாட்ட ஸ்குரூ சரியில்லை. புழுதிக்காற்றுக்கு ஜன்னல்களைச் சாத்தி, கதவையும் அடைத்துவிட்டு டவுனுக்குக் காரை எடுத்தார்.

கடைக்காரன் கிளியோ பழைய சிநேகிதன். அவனிடம் பெருமையடிக்காமல் ஸ்குரூ வாங்க முடியுமா?

"ஃபியூஸைப் பிடுங்கிட்டுத்தான் கையே வச்சேன். என்னை யாருன்னு நினைச்சே?"

கிளியோவின் கை நின்றது. "யோவ், உன் வண்டி பழசாச்சே. அதுல ரேடியோவும் கேஸ் அலாரமும் ஒரே ஃபியூஸ்ய்யா. கீழ பச்சை லைட் அணைஞ்சுதா?"

அணைந்தது. அப்புறம் அந்த 'டக்'. அது அடுப்புத் திருகு திறந்த சத்தம்! மூடிய வண்டி. வாசனை தெரியாத மூக்கு. எழுந்ததும் தீக்குச்சி கிழித்துக் காபி போடுகிற பெண்பிள்ளை.

ஸ்குரூவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். காரில் ஏறி ஆர்லிஸுக்குப் போன் போட்டார். அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது.

ஆறு மைல். "எழுந்திருக்காதே ஆர்லிஸ், எழுந்திருக்காதே" என்று வழி முழுக்கப் புலம்பினார். தூரத்தில் வண்டி முழுசாக நிற்பது தெரிந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார். படுக்கை காலி. குளியலறையும் காலி. அடுப்பின்மேல் தீப்பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் கிழிக்காத குச்சி ஒன்று.

அதை எடுத்துக்கொண்டு வெளியே தள்ளாடி வந்தார். சிலிண்டரை அடைத்தார். "ஆர்லிஸ்!" என்று கத்திக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார்.

அடுத்த வண்டியில் ரேடியோ அலறியது. அதற்கு மேலே ஒரு மூக்கடைத்த குரல்: "ஓடுடா, ஓடு! தூங்குமூஞ்சி!"

லோவெல் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிறிது நேரத்தில் ஆர்லிஸ் கைக்குட்டையோடு வந்தாள். "என்ன கோலம் இது? டிவி மாட்டியாச்சா? நான் பக்கத்து வண்டி வில்மாகிட்ட ஆட்டம் கேக்கறேன். காபி போடலாம்னு குச்சியக்கூட எடுத்தேன், அதுக்குள்ள ஆரம்பிச்சிருவாங்களேன்னு போட்டது போட்டபடி ஓடிட்டேன். நம்ம ரேடியோ இருந்திருந்தா நான் ஏன் வெளியே போறேன்?"

அவர் உள்ளங்கையை விரித்தார். குச்சி வியர்வையில் நனைந்திருந்தது.

"தப்பு என்னோடது" என்றார். நாற்பத்தாறு வருஷத்தில் ஆர்லிஸ் இந்த வார்த்தையைக் கேட்டதில்லை. ஒன்று விடாமல் சொன்னார்.

பக்கத்து வண்டி ரேடியோவில் யாரோ ஓட்டம் எடுத்தார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆர்லிஸ் திரும்பவில்லை. அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, குச்சியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடறோம்" என்றாள்.

"கூப்பிடலாம்" என்றார் லோவெல்.