தூக்கிப்போட்ட மாத்திரை அட்டை

டெப்போவில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இறங்கிப்போன ஆள் குறைவு. டிக்கெட் வாங்கினேன், தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிற கதையை அவள் கேட்காத நாள் கிடையாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவளையே அந்தக் கதையைச் சொல்ல வைத்துவிட்டார்கள், கேளுங்கள்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம், வேலைக்குப் புறப்பட்ட மனுஷன் வாசலிலேயே சரிந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. உயிர் தப்பியது, வலது கையும் வலது பக்கப் பார்வையும் போயின. அதே மாத்திரையால் பாதிக்கப்பட்ட வேறு பலர், ஆபத்து தெரிந்தும் மறைத்துவிட்டார்கள் என்று அதைச் செய்த கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தார்கள். இவளும் போட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. அந்த மருந்தை நாலு கம்பெனிகள் செய்கின்றனவாம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மருந்தின் பெயர் இருந்தது, கம்பெனியின் பெயர் இல்லை. எங்கள் மாத்திரைதான் என்பதற்கு அட்டையைக் காட்டு என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அட்டைக்கு அவள் எங்கே போவாள்? ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரைகளைப் பிதுக்கி, ஏழு அறை டப்பாவில் கிழமைவாரியாகப் போட்டுவிட்டுக் காலி அட்டையை அப்போதே குப்பைக்கு அனுப்புகிறவள். அட்டையின் நிறம், எழுத்து, மூலையிலிருந்த மஞ்சள் முக்கோணம், எல்லாவற்றையும் சொன்னாள். வாயால் சொன்னால் ஆயிற்றா?

நாலு வருஷம் நடையாய் நடந்தாள். மனு, மனுவுக்கு நகல், நகலுக்கு முத்திரை, பிறகு வாய்தா. ஒரே ஒரு அட்டை இருந்திருந்தால் என்று அவளுடைய வக்கீலம்மா ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாத்தனாரோ ஒரு படி மேலே போய், உன் சுத்தம்தான் என் அண்ணனைக் கெடுத்தது என்று போனில் சொன்னாள். புருஷன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அதைவிட எரிச்சலாக இருந்தது. திட்டித் தொலைத்தாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

கடைசியில் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் குரலில் தேன் ஒழுகியது.

"உங்க பஸ்ல ஒருத்தர், டிக்கெட் வாங்கினேன், தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்றார். விட்டுடுவீங்களாம்மா?"

வக்கீலம்மா கண்ணால் ஜாடை காட்டினார். ஆளைப் பார்த்து விட்டுவிடுவேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும், வழக்கு பிழைத்துக்கொள்ளும். முன்வரிசையில் புருஷன் தலையை ஒரு பக்கம் திருப்பி, நல்ல பார்வை இருக்கும் பக்கமாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் பொய்யைக் கேட்டுக் கேட்டே காது புளித்தவளுக்கு, தன் வாயால் ஒன்று சொல்ல வரவில்லை.

"விடமாட்டேன்" என்றாள்.

இதற்குத்தான் காத்திருந்தேன் என்பதுபோல வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி அந்தப் பதிலைச் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த பெண் தட்டச்சு செய்தாள்.

அவள் கூண்டிலிருந்து இறங்கவில்லை.

"ஆனா ஐயா, டிக்கெட் இல்லாதவங்களுக்கு அபராதம்தான் போட்டிருக்கேன். நீ இந்த பஸ்லயே வரலைன்னு ஒருத்தர்கிட்டகூட நான் சொன்னதில்லை."

தட்டச்சுப் பெண் கையை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தாள். அது வேண்டாம் என்று அவர் தலையசைத்தார்.