அரைச் சுற்று

அந்தப் பாழாய்ப்போன டிராக்டரை அப்பாவும் மாமாவும் கூட்டாக வாங்காமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்திருக்காது. தேயிலைத் தோட்டத்தில் கழித்துவிட்ட பழைய பெற்றோல் வண்டி. ஒரு மாதம் மலை உச்சியில், கந்தப்பளையில் எங்களிடம் நிற்கும். அப்பா லீக்ஸ், கரட் ஏற்றுவார். அடுத்த மாதம் கீழே கொத்மலையில் அம்மாவின் அண்ணனிடம் நிற்கும்; மாமா விறகு ஏற்றுவார். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று போக அந்த அண்ணன் வீடு ஒன்றுதான்.

சனியன், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ. உள்ளே முறுக்கினால் பெற்றோல் குறையும், வெளியே திருப்பினால் கூடும். அவ்வளவுதான் சங்கதி. கொத்மலையில் ஒழுங்காக ஓடிய வண்டி எங்கள் ஊருக்கு ஏறி வந்தால் கரும்புகை கக்கும். அப்பா அரைச் சுற்று உள்ளே முறுக்குவார், புகை நின்றுவிடும். அதே வண்டி கீழே போனதும் சூடேறி பட் பட்டென்று வெடிக்கும். மாமா அரைச் சுற்று வெளியே திருப்புவார். இப்படியே இரண்டு வருடம்.

"நான் வச்சத மாத்துறதுக்கு ஒன் அண்ணன் என்ன பெரிய மெக்கானிக்கா?" என்று அப்பா அம்மாவிடம் கத்துவார்.

வண்டி எடுக்க வரும் மாமா, "எஞ்சின எரிச்சிப்புட்டுத்தான் விடுவீங்க போல மச்சான்" என்பார்.

"ஸ்குரூவ விட்டுட்டு ரெண்டு பேரும் தேத்தண்ணிய குடிங்க" என்பாள் அம்மா. இருவருக்கும் நடுவில் நின்று அவள்தான் தேய்ந்தாள்.

கடைசியில் அப்பா நான் நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூடெக்ஸை எடுத்து, ஸ்குரூவின் தலையிலிருந்து காபரேட்டர் வரை ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கோடு நகந்திச்சின்னா கூட்டும் இல்ல, ஒறவும் இல்ல. யாரும் யார் வாசலையும் மிதிக்க வேணாம்." மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொடமாட்டேன் என்று சொன்னார்.

பள்ளிக்கூட விடுமுறை. நானும் மாமாவோடு சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் உட்கார்ந்து கொத்மலைக்குப் போனேன். மறுநாளே விறகுச் சுமையோடு வண்டி மேட்டில் நின்றுவிட்டது. மாமா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஸ்குரூவை வெளியே திருப்பினார். வண்டி ஏறியது.

மாதம் முடிந்து திரும்பும்போது கந்தப்பளைக்கு முந்திய வளைவில் வண்டியை நிறுத்தி, ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"கோடு நேரா இருக்கா பாரு புள்ள."

"இன்னும் கொஞ்சம் மாமா. ஆ, இப்ப சரி."

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது ஒரு துளி புகை இல்லை. அப்பா கோட்டைப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "பாத்தீங்களா மச்சான்? தொடாம விட்டா தங்கமா ஓடுது." மாமா சிரித்தார். அம்மா கோழிக்கறி வைக்கட்டுமா என்று கேட்டாள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "அங்க மாமா திருப்புனாங்கப்பா. இப்ப வர்ற வழியிலதான் திரும்பக் கோட்டுக்கு வச்சாங்க. நான்தான் பாத்துச் சொன்னேன்."

"ஏமாத்துறீங்களா?" என்றார் அப்பா.

"வண்டி ஓடுதுல்ல? அப்புறம் என்னத்துக்கு ஒங்களுக்குக் கோடு?" என்று மாமாவும் எகிறினார்.

மேலே போனால் காற்று மெலிசு, அங்கே பெற்றோலைக் குறைக்க வேண்டும், கீழே கூட்ட வேண்டும் என்று பல வருடம் கழித்து ஒரு கராஜ்காரர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னார். இரண்டு பேரும் சரி. அன்றைக்கு மாமா செய்த திருட்டு வேலைதான் செய்ய வேண்டிய வேலை. அது தெரியாமல் இரண்டு பெரிய மனிதர்கள் வாசலில் நின்று குரைத்துக்கொண்டார்கள். மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். வண்டியை ராகலையில் யாருக்கோ தள்ளிவிட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு கொத்மலைக்குப் போகவே இல்லை.

அன்று மாமா போனதும் அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்தக் கோபத்தில் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அந்த நான்கு நாளும் அம்மாவும் யாரோடும் பேசவில்லை. அவளுக்கு என்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.