சங்கம் என்று நினைத்து உடைத்த கதவு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் பெயரைச் சொன்னால் இரும்பு ஆலைகளின் கேட் திறக்கும். நான் படித்தது அஞ்சாவது. கம்பிக் கட்டைத் தோளில் சுமந்தவன், இன்று அதே ஆலைகளுக்கு லோடு ஏற்ற ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். எவனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. கை இருந்தது, அடித்தேன், மேலே வந்தேன்.

அந்தக் கைக்கு அடங்காதவன் என் தம்பி ஒருத்தன்தான். என் லோடுமேன்களுக்கு அவன் மேஸ்திரி. ஒயின் ஷாப் திறக்கும் முன்பே பிளாக்கில் வாங்கிக் குடிப்பான். பெல்ட்டால் விளாசினேன். லாரி ஆக்சிலில் கட்டிப்போட்டேன். கோயிலில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டினேன். கம்பி வெட்டும் கட்டரால் அந்தக் கயிற்றை நறுக்கிப் போட்டுவிட்டுக் குடிக்கப் போனான். ஒருநாள் யார்டில் கம்பிக் கட்டின்மேல் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஹோஸ் போட்டுக் கழுவினோம். "இன்னொரு தடவை குடிச்சா இங்கே தூக்கிட்டு வராதீங்க, நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

அதற்கப்புறம் அவன் குடித்து நான் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையானால் ஆளைக் காணோம். ஒளிந்து குடிக்கிறான் என்று நினைத்து என் டிரைவரைப் பின்னால் அனுப்பினேன். டிரைவர் தலையைச் சொறிந்தபடி திரும்பி வந்தான்.

"மொதலாளி, கடைக்குப் போவல. மாதா கோயில் பின்னால தகர ஷெட்டு கீதுல்ல, அங்க போறாரு. நம்ம லோடு ஆளுங்களும் குந்திக்கினு கீறானுங்க. கதவ சாத்திக்கினு ஒருத்தன் பேசுறான், மத்தவனுங்க கை தட்றானுங்க. இன்னா மீட்டிங்குன்னு கேட்டா, உள்ள யாரு கீறாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதாம்."

"பேசுறவன் யாரு?"

அவன் சொன்ன ஆள் என் எதிரி காண்ட்ராக்டர். எந்த ஆலை யாருக்கு என்று ஒரு காலத்தில் நாங்கள் கத்தி எடுத்தவர்கள். என் முதுகில் உள்ள நீளத் தழும்பு அவன் போட்டது. அவனுக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். மீதியை எடுத்தவன் நான்.

ஆள் சப்ளை செய்பவனுக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? மூடிய கதவு, வெளியே சொல்லாத பேர், கைதட்டல், நடுவில் எதிரி. சங்கம் வைக்கிறார்கள். மாசக் கடைசியில் லோடு குவியும் நேரம் பார்த்து ஸ்ட்ரைக். என் தம்பியும் உடந்தை. லாரியிலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரே உதையில் தகரக் கதவு கீலோடு போனது. எதிரி நின்று பேசிக்கொண்டிருந்தான். ராடு அவன் நெற்றியில் இறங்கியது. டீ கேன் உருண்டது. குறுக்கே வந்த என் லோடுமேனைப் பிளாஸ்டிக் நாற்காலியால் அடித்தேன். நாற்காலியின் கால் மட்டும் கையோடு வந்தது.

"எவன்டா தலைவன்? என் சோத்தத் துன்னுட்டு எனக்கே சங்கமாடா?"

எதிரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். கண்ணில் ரத்தம் வழிய என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"சங்கந்தான் நைனா. குடிய வுட்டவனுங்க சங்கம். நானும் குடிகாரன்தான். நீ குடிக்காமயே இந்த ஆட்டம் ஆடுற, உன்ன எதுல சேக்குறது?"

எவனோ களுக்கென்று சிரித்தான். நான் மறுபடி ராடை ஓங்கினேன். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க வந்துதான்ணா நான் குடிக்காம கீறேன். நீ அட்ச்சு இல்ல. கட வாசல்ல கால் நின்னா இவனுக்குத்தான் போன் போடுவேன். பேசிக்கினே ரோட்டத் தாண்ட வெப்பான். இதையும் ஒட்ச்சிட்டியே, இனிமே நான் எங்க போறது? கடைக்கா?"

விடுவிடுவென்று வெளியே நடந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒயின் ஷாப். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். திரும்பி ஒரு குத்து விட்டான். முன்பல் இரண்டும் வாய்க்குள் புரண்டன. கத்திக்கு நேரே நின்றவன் நான், புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எதிரி தலையில் துண்டை அழுத்திக்கொண்டு தள்ளாடி வந்து அவன் தோளைப் பிடித்தான்.

"டேய், மயக்கமா வருது. என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ."

தம்பி அவனைப் பார்த்தான், கடையைப் பார்த்தான். பிறகு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினான்.

படியில் விழுந்ததாக டாக்டரிடம் சொல்லி எதிரி தையல் போட்டுக்கொண்டான். ஆனால் மாதா கோயில் பாதர் ஷெட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டார். அடுத்த ஞாயிறுக்கு அவர்களுக்கு இடம் இல்லை. தம்பி வேலைக்கு வந்தான். கம்பிக் கட்டை உதைத்துக்கொண்டு திரிந்தான். எனக்கு ரத்த வாந்திதான் ஞாபகம் வந்தது. நான் நினைத்தால் முடியாதது உண்டா? யார்டில் டயர் போட்டிருந்த ஷெட்டை ஒரே நாளில் காலி செய்தேன். எதிரிக்குச் சொல்லி அனுப்பினேன். தலைக்கட்டோடு வந்து சுற்றிப் பார்த்தான்.

"சொம்மா குடுத்தா வேணாம் நைனா. வெளி ஆளுங்க தருமத்துல நடத்தக் கூடாதுன்றது எங்க ரூலு. வாடக வாங்கிக்க."

அவன் கையால் வாடகை வாங்கினேன். அதுவும் நடந்தது.

ஞாயிறு காலை எல்லோரும் வந்தார்கள், தம்பியைத் தவிர. நான் கேட்டிலேயே நின்றேன். ரோட்டுக்கு ஓடலாமா என்று நினைக்கும்போது நடந்து வந்தான். அவன் வாயையே பார்த்தேன். அவனே முகத்தைக் கிட்டே கொண்டுவந்து ஊதிக் காட்டினான். வெறும் பீடி நாற்றம்.

"போதுமா? தள்ளு. உள்ள நீ வரக் கூடாது."

உள்ளே போய் ஷட்டரை இறக்கினான். என் யார்டில் என் முகத்துக்கு நேரே ஷட்டர் இறக்கியவன் அவன் ஒருத்தன்தான். டயரை இழுத்துப் போட்டு வெளியே உட்கார்ந்தேன்.