கஃபீல் வீட்டம்மாளுக்கு நடத்திய பாடம்

எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் கஃபீலின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. கஃபீல் என்றால், பொறுப்பேற்று நம்மை வேலைக்கு வரவழைத்த முதலாளி. அவர் கையெழுத்துப் போடாமல் சவூதியின் தம்மாமை விட்டு யாரும் கிளம்ப முடியாது. எழுபதுகளில் அங்கே போன எல்லோருக்கும் இதே கதைதான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நானும்தான், வயிற்றில் ஏழு மாதம் ஆகும்வரை.

தலைப்பிரசவம். தாய்வீடு போயாக வேண்டும். திருச்சியில் அம்மா வளைகாப்புக்கு நாள் பார்த்து வைத்துவிட்டாள். ஆனால் நாங்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள். கண் பட்டுவிடும், வெளியே மூச்சு விடாதே என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள். நானும் சமர்த்தாகப் புடவையைத் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு ஊருக்கே மறைத்தேன். கஃபீலின் கம்பெனியில் கணக்கு பார்த்த என் கணவர் கடைசியில் அவரிடம் வாயைத் திறந்தபோது ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. எட்டு பிறந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கஃபீல் "இன்ஷா அல்லாஹ்" என்றாராம். அது நாளைக்கும் பொருந்தும், அடுத்த வருஷத்துக்கும் பொருந்தும். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கஃபீலின் இளைய மனைவிக்கு ஏறக்குறைய என் வயது. ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். நான் சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவள் என்பதால் வாரம் இரண்டு நாள் கார் அனுப்பிக் கூட்டிக்கொள்வார்கள். ஓட்டுவது கீழக்கரைக்காரர், என்னைத் தங்கச்சி என்பார். இந்தப் பாடத்தால் பாஸ்போர்ட் சீக்கிரம் வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

பாடம் நடக்கும்போதெல்லாம் அறைக்கதவு ஓரமாக வயதான அம்மாள் ஒருவர் காவா என்கிற அரபுக் காபியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆப்பிரிக்கக்காரர். அந்த வீட்டம்மாளைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவர், கல்யாணத்தின்போது அவரோடு சேர்த்து அனுப்பிவைக்கப்பட்டவர். சம்பளம் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவள் எங்கள் வீட்டு மனுஷி" என்று வீட்டம்மாள் சிரித்தார். அடிமைகளை விடுவிக்கும் சட்டம் அந்த நாட்டிலும் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை இந்த அம்மாளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன புத்தகத்தில் அடுத்த பாடம், அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதை. இதைத் தாண்டிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? சரித்திரம் என்றால் எனக்கு வாய் நிற்காது. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது, போர் நடந்தது, எல்லாம் சொன்னேன். டெக்சாஸ் என்ற கோடியில் இருந்தவர்களுக்குப் பட்டாளம் வந்து வாசித்துக் காட்டும்வரை, இரண்டரை வருஷம், தாங்கள் விடுதலையானவர்கள் என்பதே தெரியாது என்றேன். தெரிந்தவர்களும் போவதற்கு இடமில்லாமல் பழைய எஜமானிடமே இருந்தார்கள் என்றேன். வீட்டம்மாள் ஒவ்வொன்றாக அரபியில் அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரிந்ததும் அவர்கள் முதலில் என்ன செய்தார்கள்?

நிறையப் பேர் விற்கப்பட்டுப் போன அம்மாவையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டு நடந்தார்கள் என்றேன். அவர் காவாக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பாடத்துக்குக் கார் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. என் கணவர் முகம் வெளிறி ஆபீசிலிருந்து வந்தார். கஃபீல் வீட்டில் பெரிய ரகளையாம், அந்த வயதான அம்மாள் எதையோ கேட்டு அடம்பிடிக்கிறாராம், யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று முதலாளி கத்துகிறாராம்.

"உனக்கு வேற பாடமே கெடைக்கலையா? போஸ்ட் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன்னு எதையாவது நடத்தக் கூடாதா?" என்றார்.

"நான் அமெரிக்காவைத்தானே சொன்னேன்?"

"சொன்னது எங்க உக்காந்துக்கிட்டு?"

குழந்தை உள்ளே உதைக்கும்போதெல்லாம் எட்டு பிறக்கப் போகிறது என்று காலண்டரைப் பார்த்தேன். அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில், ஒரு வார்த்தை புரியாத நர்சுகளுக்கு நடுவில் பெற்றெடுப்பேன் என்று நினைத்து நினைத்து அழுதேன். அந்த அம்மாள் மேல்கூட ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்தவருக்கு இப்போதுதானா இந்த அடம் வர வேண்டும்!

ஒரு நாள் மத்தியானம் கார் வந்து நின்றது. வீட்டம்மாள் இல்லை. அந்த வயதான அம்மாளும் டிரைவரும் மட்டும் மாடியேறி வந்தார்கள். அவர் அபாயா அங்கிக்குள்ளிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் வைத்தார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்தன. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

நடந்ததை டிரைவர் சொன்னார். சட்டம் வந்தபோது அரசாங்கம் அந்த அம்மாளுக்கு விடுதலைச் சீட்டு கொடுத்திருந்ததாம். அது வீட்டம்மாளின் தகப்பனாரிடம் இருந்து, அப்புறம் மருமகனான கஃபீலின் பெட்டிக்கு வந்துவிட்டதாம். அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். இந்த வயதில் உனக்கு எதற்கு என்றார்களாம். அவர் அடுப்படிக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டம்மாள், என்னை விட்டுவிட்டுப் போகிறாயா என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். கடைசியில் கஃபீல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பாஸ்போர்ட்டுகளையும் சேர்த்துத் தரையில் கொட்டி, போக வேண்டியவர்கள் எல்லாம் போங்கள், கலாஸ், எல்லாம் முடிந்தது என்று கத்தினாராம். கோபம் தணிந்ததும் மற்றவை பெட்டிக்குள் போய்விட்டன. என் கணவருடையதும்தான். என்னுடையதை மட்டும் இந்த அம்மாள் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, தாயிடம் போக வேண்டியவள் என்று நின்று, மறுநாள் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் டிரைவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"என்ன பாய், சொல்லுங்க."

"நீங்க சரித்திரம் படிச்சவங்களாம். சீட்டு கெடச்சிருச்சு, இனி எங்க போகணும்னு கேக்குறாங்க தங்கச்சி. அவுக ஊரு எதுன்னு உங்க பொஸ்தகத்துல பாத்துச் சொல்லணுமாம். ஆத்தங்கரை ஊராம். தூக்கிட்டு வந்தப்ப பால்பல்லு விழலையாம்."

அதில் இருக்காது என்று தெரிந்தும் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அதில் அமெரிக்காவின் தேசப்படம் ஒன்றுதான் இருந்தது. நான் மூடுவதற்குள் அவர் குனிந்து, அந்தப் படத்தில் நீளமாக ஓடிய ஆற்றின் மேல் விரலை வைத்து, இதுவா என்று என் முகத்தைப் பார்த்தார்.